பாதங்களைப் பேணுவோம்

முகத்தைக் கண்ணாடியில் பலமுறை பார்க்கும் நாம், நாள் முழுவதும் நம்மைச் சுமக்கும் பாதங்களை ஒருமுறையாவது குனிந்து பார்க்கிறோமா? ஒவ்வொரு பாதத்திலும் 26 எலும்புகள் உள்ளன. உள்ளங்காலில் வியர்வைச் சுரப்பிகள் ஏராளம். எண்ணெய்ச் சுரப்பிகளோ இல்லை. அதனால்தான் வெறுங்காலுடன் சிமெண்டுத் தரையில் நின்று சமைக்கும் நம் அன்னையரின் குதிகால் எளிதில் வறண்டு, பித்தவெடிப்பு உண்டாகிறது.

இதற்கு வீட்டிலேயே செய்யத்தக்க எளிய முறை ஒன்று உண்டு. அகலமான பாத்திரத்தில் கணுக்கால் மூழ்குமளவு வெதுவெதுப்பான நீர் எடுத்துக்கொள்வோம். சூடு நம் உடற்சூட்டை, அதாவது சுமார் 37 டிகிரி செல்சியஸை, ஒத்திருந்தால் போதும். முழங்கையை நனைத்துப் பார்த்தால் இதமாக இருக்க வேண்டும். பாதங்களைப் பத்து நிமிடம் ஊறவைப்போம். நேரம் நீண்டால் தோலின் இயற்கையான எண்ணெய்ப்பசை போய் வறட்சி மிகும்.

கல்லுப்பு போடுவது நம் வீட்டு வழக்கம். ஆனால் தடித்த தோலை மென்மையாக்குவது நீரே. உப்பு மிகுந்தால் தோல் உலரும். ஊறியபின் பீர்க்கங்கூட்டினால் மெதுவாகத் தேய்க்கலாம். துவைக்கும் கல்லில் குதிகாலை உரசுவதும், பிளேடால் சீவுவதும் ஆகாது. பிறகு விரலிடுக்குகளை ஈரமின்றித் துடைக்க வேண்டும். அங்கே ஈரம் தங்கினால் சேற்றுப்புண் வரும். குதிகாலில் தேங்காய் எண்ணெய் தடவலாம். விரலிடுக்கில் தடவ வேண்டாம்.

இனி நாம் மறக்கக்கூடாத ஒன்று. எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி, கால் வலிக்கிறது என்ற தன் பாட்டிக்கு அன்போடு வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். பாட்டியும், "இதமா இருக்கு கண்ணு" என்றார். மறுநாள் காலையில் இரு பாதங்களிலும் கொப்புளங்கள்! பாட்டிக்குப் பல ஆண்டுகளாக நீரிழிவு. நரம்புகள் மரத்துப் போனதால் சூடு தெரியவில்லை. புண் ஆற மூன்று மாதங்கள் ஆயின.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946-ல் வந்த டாக்டர் பால் பிராண்டு, தொழுநோயாளரின் கால்கள் சிதைவதற்கு, வலி தெரியாமல் ஏற்படும் காயங்களே பெரிதும் காரணம் என்று எடுத்துக்காட்டினார். வலி நமக்கு எதிரியன்று, காவற்காரன். அந்தக் காவல் இல்லாத கால்களுக்குப் பிறரின் கண்களும் கைகளுமே காவல்.

எனவே நீரிழிவு உள்ளவர்களும், காலில் புண்ணோ மரப்போ உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் கால்களை ஊறவைக்கலாகாது. அவர்களுக்குக் கழுவித் துடைத்தலே போதும். வெறுங்காலுடன் நடப்பதும் கூடாது.

சகோதரிகளே, இன்று மாலை வீட்டிற்குச் சென்றதும் பாட்டியின் பாதங்களை மடியில் எடுத்து வைத்து, உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் உற்றுப் பார்ப்போம். வெடிப்போ, சிவப்போ, சிறு காயமோ தென்பட்டால் பெற்றோரிடம் அன்றே சொல்வோம். நாம் கற்ற பாடம் அங்கேதான் பயன் தரும்.