ஆற்றலும் இசைவும்

குடவோலைக் கல்வெட்டுகளால் புகழ்பெற்ற உத்திரமேரூரைச் சூழ்ந்த சிற்றூர்களில், முன்னாளில் உழவர்கள் ஏற்றத்தாலும் கவலையாலும் கிணற்று நீரை இறைத்தனர். பின்னர் எண்ணெய் எஞ்சின்கள் வந்தன. அவற்றை அடுத்து மின் மோட்டார்கள் வந்தன. பழைய மோட்டாரை அகற்றி, அதனினும் ஆற்றல் மிக்க ஒன்றைப் பொருத்த விரும்பும் உழவர், மோட்டாரை மட்டும் விலைக்கு வாங்கினால் போதாது. பம்பும், குழாயின் அகலமும், மின்கம்பியின் தடிமனும், கிணற்றின் ஊற்றும் அதற்கு ஏற்றவையாக இருத்தல் வேண்டும். ஊற்று சிறிதாயின், பெரிய மோட்டார் விரைவிலேயே கிணற்றை வற்றச் செய்துவிடும். ஆற்றலைக் கூட்டுதல் எளிது. அதனைத் தாங்கும் தகுதியை உண்டாக்குதல் அரிது. இவ்வுண்மை மோட்டார் வண்டிக்கும் பொருந்தும்.

எடை குறைந்ததாய், விரைந்து செல்லவும் வளைவுகளில் எளிதாகத் திரும்பவும் ஏற்றவாறு அமைக்கப்பட்ட வண்டியை ஸ்போர்ட்ஸ் கார் என்பர். பழைய வண்டியின் எஞ்சின் தேய்ந்துபோனாலும், அதன் உதிரி உறுப்புகள் கிடைக்காமற் போனாலும், மிகுந்த விரைவு வேண்டினாலும், உரிமையாளர் வேறோர் எஞ்சினை அதில் பொருத்த எண்ணுவர். அப்போது நான்கு செய்திகளை ஆராய்தல் இன்றியமையாதது.

முதலாவது, எடை. எஞ்சின் முன்புறம் அமைந்த சிறு வண்டியில் கனமான எஞ்சினை வைத்தால், முன்சக்கரங்களின்மீது சுமை மிகும். வளைவில் வண்டி திரும்ப மறுத்து நேரே செல்ல முற்படும். இரண்டாவது, ஆற்றலைச் சக்கரங்களுக்குக் கொண்டு செல்லும் உறுப்புகள். கிளச்சு, கியர்ப் பெட்டி, அச்சு ஆகியவை பழைய எஞ்சினின் முறுக்குவிசைக்கு ஏற்பச் செய்யப்பட்டவை. புதிய எஞ்சினின் விசை அளவு கடந்தால் பற்சக்கரங்கள் சிதையும், அச்சும் முறியக்கூடும். மூன்றாவது, வெப்பம். பெட்ரோல் எரிந்து தரும் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே வேலையாக மாறுகிறது; மற்றதிற் பெரும்பகுதி வெப்பமாக வெளிப்படுகிறது. ஆதலின் பெரிய எஞ்சினுக்குப் பெரிய ரேடியேட்டர் வேண்டும். நான்காவது, பிரேக்கு. வண்டியின் விரைவு இரு மடங்கானால், அதன் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். அவ்வளவையும் தணித்து வண்டியை நிறுத்த வேண்டியவை பிரேக்குகளே. இதனை மறந்தவர், தம் உயிரோடு சாலையில் செல்வோர் உயிரையும் பணயம் வைத்தவராவர்.

இங்கிலாந்து நாட்டின் ஏ.சி. நிறுவனம் 1953-ஆம் ஆண்டு முதல் 'ஏஸ்' என்னும் இலேசான வண்டியைச் செய்து வந்தது. அவ்வண்டிகள் பலவற்றில் பிரிஸ்டல் நிறுவனத்தின் ஆறு சிலிண்டர் எஞ்சின் இருந்தது; அதன் கொள்ளளவு இரண்டு லிட்டர். அவ்வெஞ்சின் இனிக் கிடைக்காது என்ற நிலை 1961-இல் உண்டாயிற்று. அப்போது கரோல் ஷெல்பி என்னும் அமெரிக்கப் பந்தய வீரர், எட்டுச் சிலிண்டர்களையுடைய எஞ்சினை அவ்வண்டியில் பொருத்தலாம் எனக் கருத்துரைத்தார். 1962-இல் ஃபோர்டு நிறுவனத்தின் 4.2 லிட்டர் எஞ்சினுடன் 'கோப்ரா' என்னும் வண்டி உருவாயிற்று. மெல்லிய சுவர்களாக வார்க்கப்பட்டமையால், கொள்ளளவு இரு மடங்காகியும் எஞ்சினின் எடை அந்த அளவிற்கு மிகவில்லை. ஆயினும் பின்னச்சின் பற்சக்கர அமைப்பை வலுவுள்ளதாக மாற்ற நேர்ந்தது. அகன்ற எஞ்சினுக்கு இடம் விட்டு, ஸ்டியரிங் பெட்டியையும் சற்றே வெளிப்புறம் நகர்த்த நேர்ந்தது. பின்னர் ஏழு லிட்டர் எஞ்சினைப் பொருத்த முயன்றபோது பழைய சட்டகம் அதற்கு ஈடுகொடுக்கவில்லை. தடித்த குழாய்களும் சுருள்வில்களும் கொண்ட புதிய சட்டகத்தை 1965-இல் அமைத்த பின்னரே அம்முயற்சி பயன் தந்தது.

தமிழ்நாட்டில் இத்துறையில் வேறொரு வழியை மேற்கொண்டவர், கோயம்புத்தூரைச் சேர்ந்த கரிவரதன் ஆவார். பெரும்பொருள் உடையோர்க்கே மோட்டார்ப் பந்தயம் உரியது என்ற நிலையை மாற்ற அவர் விழைந்தார். 1983-ஆம் ஆண்டின் இறுதியில் விற்பனைக்கு வந்த மாருதி 800 என்னும் குடும்ப வண்டியின் எஞ்சின் மூன்று சிலிண்டர்களும் 796 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் உடையது. அதன் விலை குறைவு. உறுப்புகளும் நாடெங்கும் கிடைத்தன. கரிவரதன் இலேசான ஒற்றை இருக்கைப் பந்தய வண்டியை அமைத்து, அச்சிறிய எஞ்சினை அதில் பொருத்தினார். குடும்ப வண்டியில் முன்னே இருந்து முன்சக்கரங்களை இயக்கிய எஞ்சின், பந்தய வண்டியில் ஓட்டுபவருக்குப் பின்னே அமர்ந்து பின்சக்கரங்களை இயக்கியது. வண்டியின் எடையைக் குறைத்தமையால், சிறிய எஞ்சினே விரைவு தரப் போதுமானதாயிற்று. இவ்வகை வண்டிகள் ஃபார்முலா மாருதி என வழங்கின.

உத்திரமேரூர் அமைந்துள்ள அதே காஞ்சிபுரம் மாவட்டத்தில், ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1990-இல் பந்தயத் தடம் ஒன்று திறக்கப்பட்டது. கோயம்புத்தூர் இளைஞரான நரேன் கார்த்திகேயன், ஸ்ரீபெரும்புதூரில் ஃபார்முலா மாருதி வண்டியை ஓட்டித் தம் முதற் பந்தயத்திலேயே முதல் மூவருள் ஒருவராக வந்தார். 2005-ஆம் ஆண்டில் அவர் ஃபார்முலா ஒன் பந்தயங்களில் கலந்துகொண்ட முதல் இந்தியர் என்னும் பெருமையை எய்தினார். கரிவரதன் அதனைக் காணவில்லை. 1995-இல் வானூர்தி விபத்தொன்றில் அவர் உயிர் நீத்தார். கோயம்புத்தூரை அடுத்த செட்டிப்பாளையத்தில் உள்ள பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பொதுச்சாலையில் செல்லும் வண்டியில் வேறு வகை எஞ்சினைப் பொருத்துவதற்கு, 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி பதிவு அலுவலரின் ஒப்புதல் வேண்டும். அவ்விதி வண்டியில் செல்வோரையும் வழியில் நடப்போரையும் காப்பதற்கென்றே அமைந்தது. எஞ்சின் எவ்வளவு சிறந்ததாயினும், பற்சக்கரமும் அச்சும் ரேடியேட்டரும் பிரேக்கும் அதனோடு இசைந்து தொழிற்பட்டாலன்றி வண்டி செவ்வனே ஓடாது. ஆற்றலை விரும்புவோர், அதனைத் தாங்கும் வலிமையையும் தடுக்கும் திறனையும் முதலில் தேடிக்கொள்ளுதல் அறிவுடைமையாகும்.