விடியற்காலையும் இரத்த உறைவும்



பள்ளியில் மணி அடித்ததும் பாடம் மாறும். நம் உடலுக்குள்ளும் அத்தகைய ஒழுங்கு ஒன்று உண்டு. மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் உள்ள சிறு நரம்பணுத் தொகுதி, ஏறத்தாழ 24 மணி நேரச் சுழற்சியில் உறக்கம், உடல் வெப்பம், சுரப்பிகள் ஆகியவற்றை நெறிப்படுத்துகிறது. உயிரணுக்களில் இக்கடிகாரம் இயங்கும் முறையைப் பழ ஈக்களில் ஆராய்ந்து கண்ட ஹால், ராஸ்பாஷ், யங் ஆகிய மூவர் 2017-இல் நோபல் பரிசு பெற்றனர்.

இரத்தம் உறைவதற்கும் இக்கடிகாரத்திற்கும் தொடர்பு உண்டா? 1985-இல் அமெரிக்க மருத்துவர் ஜேம்ஸ் முல்லர் குழுவினர், மாரடைப்பு தொடங்கும் நேரத்தைக் கணக்கிட்டனர். இரவு 11 மணியைக் காட்டிலும் காலை 9 மணியளவில் அது ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது.

இதற்கு முதன்மையான காரணங்கள் மூன்று.

1. படுக்கையை விட்டு எழுந்து நிற்கும்போது இரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டும் தன்மை மிகுகிறது. 1987-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், எழாமல் படுத்திருந்தவர்களிடம் இம்மிகுதி காணப்படவில்லை.

2. உறைந்த இரத்தக்கட்டி கரைவதைத் தடுக்கும் பி.ஏ.ஐ-1 என்னும் புரதம் காலையில் உச்சத்தை அடைகிறது. இஃது உடற்கடிகாரத்தின் செயலே.

3. கார்ட்டிசால் போன்ற சுரப்புநீர்களும் இரத்த அழுத்தமும் காலையில் உயர்கின்றன. தமனிச் சுவரில் படிந்த கொழுப்புத்திட்டு அப்போது வெடிக்கக்கூடும். வெடித்த இடத்தில் இரத்தம் உறைந்து வழியை அடைக்கும்.

நலமுடையோர்க்கு இம்மாற்றங்கள் இயல்பானவை, அஞ்ச வேண்டுவதில்லை. இதயநோய், உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு உடையோரே கருத்தூன்றல் வேண்டும்.

என்னுடன் பணியாற்றிய ஆசிரியை ஒருவர், விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்த மார்புவலியை வாயுத் தொல்லை என்று எண்ணினார். சுக்குநீர் பருகிவிட்டு, வீட்டாரை எழுப்ப மனமின்றிப் பொழுது விடியக் காத்திருந்தார். மருத்துவமனையை அடைந்தபோது காலம் கடந்திருந்தது. பிறர் உறக்கத்தைக் கெடுக்கலாகாது என்ற அந்த நல்லெண்ணமே அவருக்குக் கேடாயிற்று.

நினைவிற் கொள்க:

மார்புவலி, இடக்கை வலி, மூச்சுத்திணறல், திடீர் வியர்வை, முகம் கோணல், பேச்சுக் குழறல் ஆகியன தோன்றின் எந்நேரமாயினும் வீட்டாரை எழுப்புக. 108 எண்ணை அழைக்க.

மருத்துவர் குறித்த மருந்தை உரிய வேளையில் உட்கொள்க. வேளையைத் தாமே மாற்றற்க.

முதியோர் படுக்கையில் சற்று அமர்ந்து, பின்னர் எழுக. காலை நடையைக் கைவிட வேண்டுவதில்லை; மெல்லத் தொடங்கினால் போதும்.