சர்வரில் ஆளுக்கொரு ஃபோல்டர்

2023 மார்ச் 31 அன்று, கணக்கு முடிக்கும் நேரத்தில், எங்கள் மொத்தக் கடையில் பில் போட முடியாமல் நின்றோம். சர்வரில் இடமில்லை. அடைத்துக்கொண்டிருந்தவை பையன்கள் சேர்த்து வைத்த சினிமாப் படங்கள்! அதே பொது ஃபோல்டரில்தான் கொள்முதல் விலைப் பட்டியலும் யாரும் திறக்கும்படி கிடந்தது.

விண்டோஸ் சர்வர் வைத்திருக்கும் வணிக அன்பர்கள் முதலில் ஊழியர் ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர், பாஸ்வேர்டு கொடுங்கள். பிறகு தனி ஃபோல்டர். மேல் ஃபோல்டரிலிருந்து தானாக இறங்கிவரும் அனுமதிகளை நிறுத்திவிட்டு, அந்த ஊழியர், நிர்வாகி, சிஸ்டம் ஆகிய மூன்றை மட்டும் வைக்கவேண்டும். 'யூசர்ஸ்' என்ற பொதுக்குழு பட்டியலில் இருந்துவிட்டால் தனி ஃபோல்டர் போட்டும் பயனில்லை. ஷேர் அனுமதி, ஃபோல்டர் அனுமதி இரண்டில் கடுமையானதே நெட்வொர்க்கில் செல்லும்.

இட அளவுக்கு, 2005-ல் வெளியான விண்டோஸ் சர்வர் 2003 ஆர்2 முதல் 'ஃபைல் சர்வர் ரிசோர்ஸ் மேனேஜர்' உண்டு. அதைத் தனியே சேர்த்துக்கொள்ள வேண்டும். ஹார்டு கோட்டா, அளவு தாண்டினால் எழுதவே விடாது. சாஃப்ட் கோட்டா எச்சரிப்பதோடு சரி. ஊழியர் ஃபோல்டருக்கு ஹார்டு போடலாம். நாங்கள் ஆளுக்கு 5 ஜி.பி. வைத்தோம். கணக்கு ஃபோல்டருக்கு மட்டும் அதைப் போட்டுவிடாதீர்கள், பில் நடுவில் நின்றுவிடும். அங்கே சாஃப்ட் போதும்.

85 சதவீதத்தில் எச்சரிக்கை மெயில் வரும்படி செய்யலாம். அதற்கு மெயில் சர்வர் விவரத்தைக் கொடுத்தாக வேண்டும். அதைக் கொடுக்காமலே நாங்கள் இரண்டு மாதம் மெயிலுக்குக் காத்திருந்தோம்.