முதலில் ஒரு பிளேன்டீ

இறக்குவானை

அன்புள்ள மருமகளுக்கு,

நேற்று ராத்திரி உன் அம்மா போன் பண்ணினாள். கொழும்பில் வேலை சரியாம், வெள்ளவத்தையில் போடிங்கும் சரியாம், ஆனால் போடிங்கில் காலைச் சாப்பாடு மட்டும்தானாம். "அண்ணே, பகலைக்கும் ராவைக்கும் புள்ள எங்க சாப்பிடும்? நீங்க இருந்த ஊருதானே, ஒரு அஞ்சாறு கடை பேரு எழுதிக் குடுங்க" என்றாள். எழுத உட்கார்ந்தேன். ஏழு பெயர் எழுதிய பிறகுதான் ஞாபகம் வந்தது, அதில் நாலு கடை இப்போது இல்லை. 2022இல் காஸ் சிலிண்டருக்கு நாடே வரிசையில் நின்றபோது பூட்டியவை இரண்டு. முதலாளி செத்து மகன்மார் விற்றது ஒன்று. இன்னொன்று போன் கடையாகிவிட்டது. பெயர்ப் பட்டியல் உனக்கு உதவாது. கடையைக் கண்டுபிடிப்பது எப்படி என்று எழுதுகிறேன், அது பூட்டுப்படாது.

நான் சமையல்காரனில்லை என்பது உனக்குத் தெரியும். இருபது வருஷத்துக்கு மேல் கொழும்புக் கடைகளுக்குத் தேயிலைத் தூள் போட்டவன். தூள் போடுகிறவன் முன்வாசலால் போவதில்லை. பின்பக்கச் சந்தால் போய், குசினியில் பையை இறக்கிவிட்டு, காசுக்காக அரை மணி நேரம் அங்கேயே நிற்பான். அந்த அரை மணிகளில் பார்த்ததுதான் என் படிப்பு.

எந்தக் கடைக்குப் போனாலும் முதலில் ஒரு பிளேன்டீ வாங்கிக் குடி. தோட்டத்துப் பிள்ளைக்கு நாக்கே தராசு. நம் பக்கத்துத் தேயிலையில் பெரும்பங்கு இரண்டாயிரம் அடிக்குக் கீழே விளைவது. வாசனையை நுவரெலியாவுக்கு விட்டுக்கொடுத்தாலும் சாயத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காது. நல்ல தூளில் ஊற்றிய தேத்தண்ணியை வெளிச்சத்துக்குப் பிடித்தால் கிளாஸ் சிவப்பாக மின்னும். விடியற்காலையிலிருந்து துணிப்பையில் கிடந்து வெந்த தூள் என்றால் கறுத்துக் கலங்கி நிற்கும். அதைவிடக் கேடு, சாயம் கலந்த கழிவுத் தூள். ஒரு சிட்டிகை எடுத்துப் பச்சைத் தண்ணியில் போட்டால், சுடுதண்ணிக்குக் காத்திராமலே நிறம் இறங்கும். தூளில் கஞ்சத்தனம் பிடித்த கடைகளின் எண்ணெய்ச் சட்டியை நான் பின்பக்கமாகப் பார்த்திருக்கிறேன். அங்கே ஒரு வடைகூட வாங்கித் தின்றதில்லை.

கொழும்புக்குப் போகிற வழியிலேயே அடுத்த பாடம் இருக்கிறது. தூரத்து பஸ்ஸில் ஏறினாயானால், இரத்தினபுரி தாண்டி எங்கேயாவது ஒரு கடை வாசலில் கால் மணி நேரம் நிற்பாட்டுவார்கள். டிரைவரும் கண்டக்டரும் உள்ளறையில் கோழிக்கறியோடு சோறு சாப்பிடுவார்கள், காசில்லாமல். நீ காசு கொடுத்துத் தின்பது நேற்றுப் பொரித்த ரோல்ஸ். அதில் கடைக்காரனைக் குறைசொல்லிப் பயனில்லை. அவனுக்கு வாடிக்கை டிரைவர்தான். நீ இந்த ஜென்மத்தில் திரும்பி வரமாட்டாய் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். நாளைக்கும் இங்கே வந்து சாப்பிட வேண்டியவர் யார்? இந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு கொழும்பு முழுக்கச் சாப்பிடலாம்.

புதுக்கடையைப் பார். நீதிமன்றத்துக்கு வழக்காட வருகிறவன் ஒரு நாள் வருவான், போவான். ஆனால் வக்கீல்களின் கிளார்க்மார் வருஷக்கணக்காக அதே ரோட்டில்தான் பகல் சாப்பிடுகிறார்கள். அவர்கள் நுழையும் கடையில் நுழை. ராத்திரியானால் அதே இடம் வேறு ஊர்; கொத்துத் தகடு தட்டுகிற சத்தம், இறைச்சி சுடுகிற புகை. அப்போது வருகிறவர்கள் வேறு, அவர்களும் வாராவாரம் வருகிறவர்களே. காலிமுகத்திடலில் கதை மாறும். அங்கே இறால் வடை வாங்குகிறவன் காற்று வாங்க வந்தவன், அடுத்த வருஷம்தான் திரும்புவான். அதனால் அங்கே கூட்டமான ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மட்டும் வாங்கு. சட்டியில் போட்டது போட்டபடி விற்கும். மற்ற நாளில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பது எத்தனை மணிக்குப் பொரித்தது என்று இறாலுக்குத்தான் தெரியும்.

ஒரு வெட்கக்கேட்டையும் சொல்லிவிடுகிறேன், நீ அதே குழியில் விழக்கூடாதே. நான் முதன்முதலில் கொழும்பு போனபோது வயது பதினேழு. புறக்கோட்டையில் ஒரு கடையில் உட்கார்ந்து தேத்தண்ணி கேட்டேன். பையன் தேத்தண்ணியோடு ஒரு தட்டு நிறைய ரோல்ஸ், பட்டீஸ், கட்லட், மாலுபாண் எல்லாம் அடுக்கிக் கொண்டுவந்து முன்னால் வைத்துவிட்டுப் போய்விட்டான். கேட்காமல் வைத்துவிட்டானே, எல்லாவற்றுக்கும் காசு கேட்பானே என்று பயந்து, தட்டிலிருந்த எட்டையும் தின்று முடித்தேன். பிறகுதான் தெரிந்தது, தின்றதை எண்ணித்தான் காசு, மிச்சத்தை அடுத்த மேசைக்குக் கொண்டுபோவார்கள் என்று. பஸ் காசு அந்தத் தட்டில் போயிற்று. பொரளை வரைக்கும் நடந்தேன். ஆகவே தட்டு வந்தால் பதறாதே, வேண்டியதை எடு. இன்னொன்றும் யோசி: அந்தத் தட்டு உன்னிடம் வருமுன் எத்தனை மேசை சுற்றியிருக்கும்? சுடச்சுட வேண்டுமென்றால் "உள்ளேயிருந்து ஒன்று கொண்டாங்க தம்பி" என்று கேள். கொண்டுவருவார்கள்.

கொழும்பில் ஒவ்வொரு சனமும் தன் சனத்துக்கென்று ஒரு கடை வைத்திருக்கிறது. அந்தச் சனத்தின் சாப்பாட்டை அந்தக் கடையில், அந்த நேரத்தில் சாப்பிட வேண்டும். நீ இருக்கப்போகிற வெள்ளவத்தையைக் குட்டி யாழ்ப்பாணம் என்பார்கள். பின்னேரம் இடியப்பமும் சொதியும் சம்பலும் சுடச்சுடக் கிடைக்கும் கடைகள் காலி வீதியிலிருந்து உள்ளே போகிற ஒழுங்கைகளில் இருக்கின்றன. ஒடியல் கூழ் போடுகிற கடையென்றால் எந்த நாளில் போடுகிறார்கள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள். சைவச் சாப்பாட்டுக்கு அங்கேயும் பம்பலப்பிட்டியிலும் செட்டியார் தெருப் பக்கமும் பழைய கடைகள் உண்டு. அங்கே போய் பிரைட் ரைஸ் கேட்காதே. கேட்டால் தருவார்கள், அதுதான் ஆபத்து.

மருதானை, தெமட்டகொடை, தெஹிவளை முஸ்லிம் கடைகளில் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து சனம் வெளியே வருகிற நேரம்தான் புரியாணி நேரம். பெரிய சட்டி ஒன்று, மூடி திறந்தால் ஒன்றரை மணி நேரத்தில் அடி தெரியும். ராத்திரி எட்டு மணிக்கும் புரியாணி இருக்கிறதென்று ஒருவர் சொன்னால், எந்தச் சட்டி நானா என்று சிரித்துக்கொண்டே கேள். வட்டிலப்பம் இருந்தால் விடாதே.

சைனீஸ் என்று போர்டு போட்ட கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் கொழும்புச் சைனீஸ். ஹொட் பட்டர் கணவாய் என்று ஒன்று எல்லாக் கடையிலும் இருக்கும். அது சீனாவில் பிறந்ததல்ல, இங்கேயே பிறந்த பிள்ளை. அதற்காக அதன் ருசி குறையவில்லை. கொம்பனித்தெருவில் மலாய்க்காரர் வீட்டுச் சாப்பாடு முன்பு சந்துக்குச் சந்து கிடைக்கும்; உயரக் கட்டடங்கள் வந்து சந்துகளைத் தின்றுவிட்டன, தேடித்தான் பிடிக்க வேண்டும். பறங்கியர் சாப்பாடான லம்பிரைஸ் தின்ன ஆசையிருந்தால் தும்முல்லைக்குப் பக்கத்தில் டச்சு பர்கர் யூனியனுக்குப் போ. 1908இல் தொடங்கிய சங்கம் அது. இறைச்சி வேகவைத்த சாற்றில் ஆக்கிய சோறு, இறைச்சிக் கறி, கத்தரிக்காய், சீனிச் சம்பல், இறைச்சி உருண்டை எல்லாவற்றையும் வாழையிலையில் கட்டி அவணில் வைத்தெடுப்பார்கள். முதல் சம்பளத்துக்கு ஒரு தடவை போதும்.

தினசரிச் சாப்பாட்டுக்கு நான் உன்னை அனுப்புவது பத் கடேக்குத்தான், சிங்களச் சோற்றுக்கடைக்கு. சபரகமுவப் பிள்ளைகளுக்கு ஒரு வசதி உண்டு. கிராமத்துக்கு நடுவே தோட்டம் இருப்பதால் சிங்களம் நமக்குத் தண்ணிபட்ட பாடு; ஹட்டன் பக்கத்துப் பிள்ளைகள் இதற்குத் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். பதினொன்றரைக்குச் சட்டிகளை வரிசையாக வைத்து மூடி திறப்பார்கள். சிவப்பரிசிச் சோறு, பருப்பு, இளம்பலாக்காய், கீரைச் சுண்டல், மீன். பன்னிரண்டரைக்குள் போய்விடு. திரீவீல்காரர்களும் பக்கத்து ஆபீஸ்காரர்களும் வரிசையில் நிற்கிற கடையாகப் பார்த்து நில். இரண்டு மணிக்குப் போனால் எல்லாக் கறியும் ஒரே நிறமாகியிருக்கும்.

வாடகையையும் கணக்கில் எடு. அமெரிக்காவில் வாஷிங்டன் பக்கத்தில் டைலர் கோவன் என்று ஒரு பொருளியல் பேராசிரியர், அந்த நகரத்தைச் சுற்றியுள்ள வெளிநாட்டுச் சாப்பாட்டுக் கடைகளை வருஷக்கணக்காகத் தின்று குறித்துவைத்து, 2012இல் சாப்பாட்டின் பொருளாதாரம் பற்றிப் புத்தகமே போட்டார். வாடகை கூடின இடத்தில் சோற்றைவிட அலங்காரத்துக்குத்தான் நீ காசு கொடுக்கிறாய், குடியேறி வந்தவர்களின் நல்ல கடைகள் வாடகை மலிந்த ஓரங்களில்தான் இருக்கும் என்பது அவர் கட்சி. பேராசிரியர் சொன்னதை எங்கள் தூள் லொறி டிரைவர் அதற்கு வெகுகாலம் முன்பே சொல்லிவிட்டான்: "கடல் தெரியிற கடையில கறி தெரியாது அண்ணே." கொஞ்சம் மிகைதான். கடற்கரைப் பக்கமும் ஒன்றிரண்டு நல்ல கடை உண்டு. ஆனாலும் கொட்டாஞ்சேனைச் சந்துகளிலும், வத்தளை மாபோலைப் பக்கமும் காலாறத் தேடினால் கிடைப்பது வேறு. லாஸ் ஏஞ்சலிஸில் ஜொனதன் கோல்ட் என்பவர் இளவயதில் ஒரே நீளமான தெருவிலுள்ள கடைகளை ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டு போனவர். 2007இல் சாப்பாட்டு விமர்சனத்துக்காகப் புலிட்சர் பரிசு வாங்கிய முதல் ஆள். நீயும் காலி வீதியில் ஒரு பக்கமாகத் தொடங்கலாம். பரிசு கிடைக்காது, வயிறு நிறையும்.

இனி, உனக்கு மட்டும் கிடைக்கக்கூடிய ஒரு துப்பு. கொழும்புக் கடைகளில் மேசை துடைக்கிறவன், ரொட்டி அடிக்கிறவன், தேத்தண்ணி ஊற்றுகிறவன், நிறையப் பேர் நம் ஆட்கள். பதுளை, ஹட்டன், தெரணியகலை, எட்டியாந்தோட்டை. ஆர்டர் எடுக்க வருகிற தம்பியின் பேச்சைக் காது கொடுத்துக் கேள். நம் பேச்சு என்று பட்டால், "எந்தத் தோட்டம் தம்பி?" என்று ஒரு வார்த்தை. நான் ஒரு தடவை இப்படிக் கேட்டுவிட்டு மீன் சோறு சொன்னேன். கஹவத்தைப் பக்கத்துப் பையன். முதலாளி கல்லாவில் இருந்தார். பையன் மீனைப் பற்றி வாயைத் திறக்கவில்லை, மேசையைத் துடைத்த துணியை மடித்துத் தோளில் போட்டான், என்னைப் பார்த்தான், "அண்ணனுக்கு முட்டை, சரிதானே?" என்றான். சரி என்றேன். அன்றைக்கு மீன் எடுத்த மேசையில் இரண்டு பேர் பாதியில் எழுந்து போனதை என் கண்ணால் கண்டேன். போகும்போது அந்தத் தம்பிக்கு ஏதாவது வைத்துவிட்டுப் போ. அவன் சம்பளம் எனக்குத் தெரியும்.

ஆனால் எல்லாச் சனத்துக்கும் கடை வைத்த கொழும்பில் நம் சாப்பாட்டுக்கென்று ஒரு கடையை நான் கண்டதில்லை. தேங்காய் போட்டுத் தட்டிய தடித்த ரொட்டி, அம்மியில் அரைத்த கட்டசம்பல், மழை நாளில் கருவாட்டுக் குழம்பு. மலைக்குக் கொண்டுபோகிற சாப்பாடுதானே, இதை யார் காசு கொடுத்துத் தின்பார்கள் என்று நாமே நினைத்துவிட்டோம். ஊருக்கெல்லாம் சமைத்துப் போடுகிறவர்கள், தங்கள் அம்மா சமைத்ததைப் போர்டில் எழுதக் கூச்சப்படுகிறார்கள். எனக்கு இதில் கோபம் உண்டு. வயதும் முதலும் இருந்திருந்தால் நானே போட்டிருப்பேன்.

நீ தனியாகப் போகிற பெண்பிள்ளை என்பதால் இரண்டு வார்த்தை. ஆம்பிளைகள் மட்டுமே இருக்கிற கடையில் ராத்திரிக்கு உட்காராதே, பார்சல் கட்டிக்கொள். முதல் தடவையைப் பகலில் வைத்துக்கொள், போடிங்கில் ஒரு சிநேகிதியைச் சேர்த்துக்கொள். பத்தரமுல்லைப் பக்கம் போக நேர்ந்தால் விவசாயத் திணைக்களத்தின் ஹெல போஜுன் கூடத்துக்குப் போ. பெண்களே சமைத்துப் பெண்களே விற்கிறார்கள். குரக்கன் ரொட்டியும் இலைக்கஞ்சியும் கண் முன்னால் ஆகும், கையைச் சுடாத விலை. எந்தக் கடையிலும் உட்காருமுன் கை கழுவுகிற இடத்தைப் பார். சவர்க்காரம் இருந்தால் உட்கார்.

விலை எதுவும் எழுதவில்லை. கடிதம் உன் கைக்கு வருவதற்குள் மாறிவிடும். எனக்குத் தெரிந்த கடைகளும் பாதி போய்விட்டன. ஆகவே போயா லீவுக்கு வீட்டுக்கு வரும்போது, நீயே கண்டுபிடித்த ஒரு கடையின் பெயரை எனக்குக் கொண்டு வா. பார்சல் ஒன்றும் கட்டிக்கொண்டு வந்தால் நல்லது. பஸ் நிற்பாட்டுகிற அவிசாவளைக் கடையில் வாங்காதே.

உன் அன்புள்ள
மாமா