பாதியில் நிற்கும் துணி உலர்த்தி

பினாங்குத் தீவில் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மழை மிகுதி. காலையில் காயப்போட்ட துணி மாலையிலும் ஈரமாகவே இருக்கும். முன்பு ஏர் ஈத்தாம் ஆற்றங்கரையில், தோபி காட் எனும் இடத்தில், நம்மவர்கள் வெயிலை நம்பியே சலவைத் தொழில் செய்தனர். இன்றைய அடுக்குமாடி வீடுகளில் கொடி கட்டவே இடமில்லை. அதனால்தான் துணி உலர்த்தி வீட்டுக்குள் வந்துவிட்டது. அது பாதியில் நின்றால், "மெஷின் கெட்டுப்போச்சு!" என்கிறோம். பல வேளைகளில் அது கெடுவதில்லை; ஆபத்தை உணர்ந்து தானே நிற்கிறது.

உலர்த்தியின் உருளை சுழலும்போது, சூடேறிய காற்று துணிகளினூடே பாய்ந்து ஈரத்தைச் சுமந்துகொண்டு வெளியேறுகிறது. வழியில் ஒரு வடிகட்டி, துணியிலிருந்து உதிரும் பஞ்சுத்தூசைத் தடுத்து நிறுத்துகிறது. தூசு அடைத்துக்கொண்டால் சூடான காற்று வெளியேற முடியாது. வெப்பம் அளவை மீறியதும் பாதுகாப்புச் சாதனம் மின்சாரத்தைத் துண்டிக்கும். மோட்டாருக்கும் இத்தகைய காவல் உண்டு. பாதியில் நின்ற இயந்திரம், ஆறிய பிறகு மீண்டும் இயங்கினால், அது சூட்டினால்தான் நின்றது எனப் பெரும்பாலும் கொள்ளலாம்.

முதலில் பிளக்கைக் கழற்றிவிட்டு வடிகட்டியைத் துடைக்க வேண்டும். தூசு கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அதன் மேல் சிறிது நீரை ஊற்றிப் பாருங்கள். நீர் இறங்காமல் தேங்கினால், துணி மென்மையாக்கியின் படலம் வலையை மூடியிருக்கிறது. சோப்பு நீரில் கழுவி, நன்கு காய்ந்த பின்னரே பொருத்த வேண்டும். அடுத்து, வெளியேற்றுக் குழாய் சுவரோடு நசுங்கியிருக்கிறதா என்று பார்க்கலாம். குழாய் இல்லாத வகையாயின் நீர்த்தொட்டி நிரம்பியிருக்கக்கூடும். உருளையைத் திணித்து நிரப்பினாலும் காற்று புகாது.

மின்சாரத்தையும் கவனிக்க வேண்டும். 2300 வாட் உலர்த்தி 230 வோல்ட்டில் 10 ஆம்பியர் இழுக்கும். அரிசிக் குக்கரோடு ஒரே நீட்டிப்பு வயரில் அதைச் செருகினால் வயர் சூடேறும். உலர்த்தியின் பிளக் நேரே சுவரில்தான் இருக்க வேண்டும்.

சிலர் பாதுகாப்புச் சாதனத்தைக் கழற்றி, இரு கம்பிகளையும் நேராக முறுக்கிவிடுகிறார்கள். இயந்திரம் ஓடும், அதைத் தடுக்கத்தான் எதுவும் இருக்காது. பஞ்சுத்தூசோ எளிதில் தீப்பற்றும் பொருள். 2016ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், மேற்கு லண்டனில் 18 மாடிக் குடியிருப்பு ஒன்றின் ஏழாவது மாடியில் தீப்பிடித்தது. பழுதான துணி உலர்த்தியே காரணம் என லண்டன் தீயணைப்புப் படை கண்டறிந்தது. ஒருவர் வீட்டில் மூண்ட தீ மேல்மாடிகளுக்கும் ஏறியது. உறங்கும்போதும் வெளியே செல்லும்போதும் உலர்த்தியை ஓடவிட வேண்டாம் என அப்படை மக்களுக்கு அறிவுறுத்துகிறது. பினாங்கில் இரவில் துணியைப் போட்டுவிட்டுப் படுப்பவர்கள் குறைவில்லை.

தூய்மை செய்த பின்னரும் இயந்திரம் நின்றால், தீய்ந்த வாடை வந்தால், அல்லது பிளக் நிறம் மாறியிருந்தால், அதை இயக்காமல் தகுதி பெற்ற தொழில்நுட்பரை அழைக்க வேண்டும். எத்தனை நிமிடத்தில் நின்றது, ஆறிய பிறகு ஓடியதா, நின்றபோது ஏதேனும் ஒலி எழுந்ததா என்று குறித்து வைத்துக் கொடுத்தால் அவருடைய வேலை பாதியாகக் குறையும்.