பெகோனியா வளர்ப்போர் அறிய வேண்டியவை

வண்ண இலைகளுக்காக வளர்க்கப்படும் ரெக்ஸ் பெகோனியா நம் வடகிழக்கு மலைக்காடுகளைச் சேர்ந்தது. நிழலும் ஈரக்காற்றும் நாடுவது. ஆகவே சிட்லபாக்கத்தின் வெயில் நேரே படாத, வெளிச்சமுள்ள சன்னலருகே வையுங்கள். மேல்மண் காய்ந்தபின் மட்டும் வேரடியில் நீர் ஊற்றுங்கள்; மண் எந்நேரமும் நனைந்திருந்தால் வேர் அழுகும்.

தொட்டியின் அடித்தட்டில் தேங்கும் நீரில் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெருகும். முட்டை கொசுவாக மாற ஏறத்தாழ 7 முதல் 10 நாட்கள் போதும். தட்டின் ஓரத்தில் ஒட்டிய முட்டைகள் நீர் வற்றினாலும் பல மாதங்கள் உயிர்த்திருக்கும். எனவே வாரம் ஒருமுறையேனும் நீரைக் கொட்டி, தட்டைத் தேய்த்துக் கழுவுங்கள்.

புற்றுநோய்க்குக் கீமோதெரபி பெறுவோரும் உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டோரும் மண்ணைக் கிளறலாகாது. அதிலுள்ள பூஞ்சை நுரையீரலைத் தாக்கக்கூடும். அப்பணியை உடனிருப்போர் ஏற்க, நோயாளி சற்றுத் தள்ளியிருந்து இலையழகைக் கண்டு மகிழட்டும்.