குதிரைச் சளிக்காய்ச்சல்: கிருமியை நீங்கள் சுமந்து செல்லாதீர்கள்

லாயத்தில் பணிபுரிபவர்களும் குதிரையேற்றம் பழகுபவர்களும் அறிய வேண்டியவை

குதிரைச் சளிக்காய்ச்சல் குதிரைகளிடையே மிக விரைவாகப் பரவும் கிருமித்தொற்று. கழுதைகளுக்கும் தொற்றும். இது மனிதர்களுக்கு நோய் உண்டாக்குவதாக அறியப்படவில்லை. ஆனால் உங்கள் கைகளும் உடைகளும் கிருமியை ஒரு குதிரையிடமிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுசெல்லலாம்.

அறிகுறிகள்

கிருமி தொற்றிய 1 முதல் 3 நாள்களில் பொதுவாகத் தெரியும்:
• 38.5 டிகிரி செல்சியசுக்கு மேல் காய்ச்சல்
• வறட்டு இருமல்
• மூக்கொழுகல்
• சோர்வு, தீவனத்தில் நாட்டமின்மை

பெரும்பாலான குதிரைகள் குணமடைந்துவிடும். குட்டிகளுக்கு நிமோனியா ஏற்பட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

எப்படிப் பரவுகிறது?

குதிரை இருமும்போது கிருமி காற்றில் பரவுகிறது. தண்ணீர் வாளி, கடிவாளம், தூரிகை, வாகனம் ஆகியவற்றிலும் ஒட்டிக்கொள்ளும். தடுப்பூசி போட்ட குதிரைக்கு நோய் கடுமையாக இராது. எனினும், அறிகுறி தெரியாமலேயே அது கிருமியைப் பரப்பக்கூடும்.

ஆஸ்திரேலியா கற்ற பாடம்

2007ஆம் ஆண்டு வரை ஆஸ்திரேலியாவில் இந்நோய் பரவியதில்லை. அவ்வாண்டு ஆகஸ்டில் ஜப்பானிலிருந்து வந்த குதிரைகளுடன் கிருமி சிட்னியிலுள்ள தனிமைப்படுத்தும் நிலையத்துக்குள் நுழைந்தது. முறையாகச் சுத்தம் செய்துகொள்ளாமல் அங்கிருந்து வெளியேறியவர்களின் உடல், உடை அல்லது கருவிகள் வழியாக அது வெளியே பரவியிருக்கக்கூடும் என விசாரணை ஆணையம் கண்டறிந்தது. இரு மாநிலங்களில் பல்லாயிரக்கணக்கான குதிரைகள் பாதிக்கப்பட்டன; பந்தயங்கள் நிறுத்தப்பட்டன. குதிரைகளை இடம் மாற்றத் தடை, தடுப்பூசி, கடுமையான துப்புரவு ஆகியவற்றால் அவ்வாண்டு இறுதிக்குள் பரவல் ஓய்ந்தது.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. ஒரு குதிரையைக் கவனித்த பிறகு, அடுத்ததைத் தொடுமுன் சவர்க்காரமிட்டுக் கைகளைக் கழுவுங்கள். சவர்க்காரமும் கிருமிநாசினியும் இக்கிருமியை எளிதில் அழிக்கும்.
2. வேறு லாயத்துக்குச் செல்லுமுன் உடையையும் காலணியையும் மாற்றுங்கள்.
3. வாளி, சேணம், தூரிகை ஆகியவற்றைக் குதிரைகளிடையே பகிராதீர்கள்.
4. புதிதாக வரும் குதிரையைத் தனியாக வைத்து, தினமும் காய்ச்சல் பாருங்கள்.
5. தடுப்பூசியைக் காலம் தவறாமல் போடுங்கள்.

குதிரை இருமினால்

உடனே அதைத் தனிமைப்படுத்தி, கால்நடை மருத்துவருக்குத் தெரிவியுங்கள். நோயுற்ற குதிரையைக் கடைசியாகக் கவனியுங்கள். மருத்துவர் அனுமதிக்கும் வரை எந்தக் குதிரையையும் லாயத்திலிருந்து வெளியே கொண்டுசெல்ல வேண்டாம். காய்ச்சல் இருந்த ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வாரம் என ஓய்வு கொடுப்பது நல்லது.

போட்டி நாள் நெருங்கினாலும் இருமலை மறைக்காதீர்கள். நீங்கள் இன்றே தெரிவித்தால் ஒரு லாயத்தோடு நோயை நிறுத்த முடியும்.